சல்மினென் வீட்டு மாப்பிள்ளை

1994 பெப்ரவரி 6, ஞாயிறு

காலை ஷிப்ட். ஆஸ்பத்திரிக் குசினியில் ஆள் குறைவு. இரண்டு வார்ட்டுக்கும் நான் ஒருத்தியே சாப்பாடு பரிமாறினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் இரண்டும் வீங்கிப்போய் இருக்கிறது.

மகள் கோதை ரீ போட்டுத் தந்தாள். கேட்காமல் போட்டுத் தருகிற பிள்ளை இல்லை அவள். ஏதோ வரப்போகிறது என்று அப்போதே விளங்கிவிட்டது.

ஒரு பொடியன் இருக்கிறானாம். கூட வேலை செய்கிறவன். பின்லாந்துக்காரன். பெயர் யுஹா சல்மினென். கட்டினால் அவனைத்தானாம்.

நான் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. “எங்கட சாப்பாடு சாப்பிடுவானோ?” என்று மட்டும் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 12, சனி

அண்ணைக்கு எப்படிச் சொல்லுவது? ஒரு கிழமையாக இதே யோசினை.

இவர் இருந்திருந்தால் அண்ணையிடம் போய் நிற்க வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் சோடியாக நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பதுதான் முறை. தாலி இழந்தவள் நான் எங்கே நிற்பது? அண்ணையும் மச்சாளும்தான் கொடுக்க வேண்டும். பத்மநாதன் அண்ணையை விட்டால் எனக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்கள் தகப்பன், ஐயா, செத்தபோது நான் சின்னப் பிள்ளை. என்னைப் படிப்பித்து, கட்டிக் கொடுத்து, பிறகு இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டதும் அவர்தான்.

அவர் மாட்டன் என்றால் மணவறை இல்லை. ரெஜிஸ்ரர் ஒபிஸில் கையெழுத்து வைத்தால் போதும் என்கிறாள் கோதை. அவளுக்குப் போதும். எனக்குப் போதாது.

பெப்ரவரி 13

போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரன் என்றதையும், வேதக்காரன், கிறிஸ்தவன் என்றதையும் அண்ணை பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கேட்டாரே ஒரு கேள்வி:

“ஆற்றை ஆக்கள்?”

எனக்கென்ன தெரியும்? பின்லாந்தில் யாருடைய ஆட்கள் என்று நான் எந்தச் சந்தியில் போய் விசாரிக்க?

பெப்ரவரி 19, சனி

லூயிஷாம் சந்தைக்கு மீன் வாங்கப் போனவள், அப்படியே லைப்ரரிக்குள் நுழைந்தேன். அங்கே இருக்கும் பெண் நல்ல மனுசி. பெயரைச் சொன்னதும் தடித் தடிப் புத்தகங்களாக எடுத்துப் போட்டாள். மீன் பையைக் காலுக்குக் கீழே மறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

அடேயப்பா! ஒரு சல்மினென் பேர்லின் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறார். ஒருவர் பெரிய பெரிய அரங்குகளில் பாடுகிற பாட்டுக்காரர். ஒரு பெண், அமெரிக்காவில் வீட்டு வேலை செய்துகொண்டே நாவல் எழுதிப் பேர் எடுத்தவள். நடிகர் வேறு இருக்கிறாராம்.

எங்களில் ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர்தான் பின்னால் வருகிறது. ஒரே பெயரை இத்தனை பேர் சுமந்தால் அது ஒரே குடும்பமாகத்தானே இருக்க வேண்டும்? ஓடவும் பாடவும் எழுதவும் தெரிந்த குடும்பம். பஸ்ஸில் வரும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு!

அண்ணைக்கு உடனே போன். “அப்பிடியே சங்கதி?” என்றார். குரல் இளகிவிட்டது.

மார்ச் 5

அண்ணை இருக்கிற இல்ஃபோர்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞானரட்ணம் வீட்டுப் பிறந்தநாளில் அண்ணை எழும்பி நின்று சொன்னாராம், மருமகளுக்கு ஒலிம்பிக் குடும்பத்தில் மாப்பிள்ளை என்று. தாரை வார்க்கத் தானும் மச்சாளும் நிற்பதாகவும் சொல்லியிருக்கிறார். நாள் ஜூலை மூன்று.

நன்றாக நித்திரை கொண்டேன்.

மார்ச் 13, ஞாயிறு

யுஹா சாப்பிட வந்தான். மரவள்ளிக் கிழங்கை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். நல்ல பிள்ளை; சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான்.

ஓட்டக்காரர் உனக்குச் சித்தப்பா முறையோ என்று கேட்கச் சொன்னேன் கோதையிடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறதாம். ஒருவருக்கு ஒருவர் சொந்தமே இல்லையாம். பழைய காலத்தில் கனபேருக்குக் குடும்பப் பெயரே இல்லையாம். பிறகு ஆளுக்கொன்று பிடித்ததை எடுத்துக்கொண்டார்களாம்.

“அம்மா, யூ டிடின்ட் டெல் மாமா, டிட் யூ?”

சொல்லிப்போட்டனே. ஐயோ, சொல்லிப்போட்டனே! அவர் ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரே.

மார்ச் 14

இன்றைக்குச் சொல்லலாம் என்று போனைத் தூக்கினேன். வைத்துவிட்டேன். களைப்பு.

ஏப்ரல் 17, ஞாயிறு

யுஹாவின் தகப்பன் வந்திருந்தார். பெயர் எய்னோ. மனைவி இல்லை. மரம் ஏற்றுகிற கப்பலில் சமையல்காரனாக இருந்து இளைப்பாறியவர். முந்தி இந்தப் பக்கத்து சரே டொக் துறைமுகத்துக்கெல்லாம் பலகை கொண்டு வந்திருக்கிறாராம். பெரிய கை, சின்னக் குரல், கொஞ்சம் இங்கிலீஷ்.

அண்ணை கோட் போட்டு, மச்சாளோடு ஒரு தட்டு பலகாரமும் கொண்டு வந்தார். வருவதற்கு முதல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வாசலிலேயே அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

அண்ணை வந்து இருந்ததும் கேட்ட முதல் கேள்வியே ஓட்டக்காரரைப் பற்றித்தான். எய்னோ இல்லை என்று தலையாட்டினார். சொந்தமில்லை. பாட்டுக்காரர்? இல்லை. அண்ணை விடவில்லை. “அப்ப உங்கட தகப்பனார் ஆர்?”

அந்த மனுசன் ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னார். தகப்பன் யாரென்று தெரியாது. தாய் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்காரி. அவள் கலியாணம் கட்டவில்லை. சல்மினென் அவளுடைய பெயர். அது எனக்குப் போதுமாய் இருந்தது, என்றார்.

அண்ணை மச்சாளைப் பார்த்து, “வெளிக்கிடும்” என்று சொல்லி வாசலுக்கு நடந்தார். பலகாரத்தட்டு தொடாமல் கிடக்கிறது.

எய்னோ என்னிடம், தான் ஏதும் பிழையாய்ச் சொன்னேனோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்ன பிழை செய்தார்?

ஏப்ரல் 18

சுகமில்லை என்று வேலைக்கு லீவு சொன்னேன்.

மே 8, ஞாயிறு

அண்ணை போனுக்கு வருகிறார் இல்லை. குளிக்கிறார், கடைக்குப் போயிட்டார், படுத்திட்டார் என்று மச்சாள் சொல்கிறா. பாவம் அவ, பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கோயில் ஐயர் வேறு. தாரை வார்க்கும்போது சொல்லுவதற்கு மாப்பிள்ளையின் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பனான பேரன், அவருக்கும் தகப்பனான பூட்டன் மூன்று பேருடைய பெயரும் வேண்டுமாம். கோத்திரத்துக்குச் சிவகோத்திரம் என்று சமாளிக்கலாமாம். சல்மினென் என்றேன். “அது குடும்பப் பேரம்மா. எனக்கு ஆக்களின்ர பேர் வேணும்” என்றார்.

எத்தனை பெரிய மனிதர்கள் இந்தப் பெயரில்! மணவறையில் ஒருவரும் உதவ மாட்டார்கள்.

மே 29, ஞாயிறு

ரயில் ஏறி இல்ஃபோர்ட் போனேன். மச்சாள்தான் கதவு திறந்தா. அண்ணை ரிவி பார்த்துக்கொண்டு இருந்தார், திரும்பவில்லை.

“தகப்பன் பேர் தெரியாதவன்ர மகனுக்கு நான் தண்ணி வார்க்கிறதோ? சனம் சிரிக்கும்.”

“நான் விசாரிக்காமல் சொன்னது பிழைதான் அண்ணை. அதுக்குப் பிள்ளை என்ன செய்வாள்?”

அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கெஞ்சத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “எனக்கும் தகப்பன் இல்லை. நீங்கள் வந்து நிண்டதாலதான் நான் ஒருத்தன்ர பிள்ளை மாதிரி வளந்தனான். அந்த மனுசனுக்கு அப்பிடி ஒருத்தரும் வந்து நிக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றேன். பிறகு சாப்பிடாமலே வந்துவிட்டேன். மச்சாள் ஸ்ரேஷன் வரைக்கும் கூட வந்தா.

ஜூன் 20

ஒரு சேதியும் இல்லை. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, கூறைச் சேலை வந்தாயிற்று. கொடுக்கத்தான் ஆளில்லை. ரெஜிஸ்ரர் ஒபிஸ் போதும் என்று கோதை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. அலுத்துப்போச்சு.

ஜூலை 2, சனி

மச்சாள் போன். “காலமை வாறம்.” யார் யார் வருகிறார்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது.

ஜூலை 4, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

அண்ணை வந்தார். பட்டு வேட்டி, சால்வை. நேரே போய் மணவறையில் மச்சாளோடு இருந்தார். அதுவே போதும் என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். இல்லாத பெயர்களை வாய்க்குள் முணுமுணுத்துவிடச் சொல்லி ஐயரிடம் முதலே கேட்டு வைத்திருந்தேன். ஆனால் ஐயர் சடங்கு மும்முரத்தில் மறந்துவிட்டார். மைக்கில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, “மாப்பிள்ளையின்ர தகப்பனார் பேர்?”

“எய்னோ” என்றான் யுஹா.

“பேரனார்?”

யுஹா தகப்பனைப் பார்த்தான். எய்னோ தன் கையைப் பார்த்தார். இல்ஃபோர்ட் சனம் முழுக்க முன் வரிசையில்.

“குலசேகரம்” என்றார் அண்ணை.

ஐயர் விளங்காமல் பார்த்தார். அது பெண் பக்கத்துப் பெயர் அல்லவா? எங்கள் ஐயாவின் பெயர்.

“சொல்லுங்கோ ஐயரே. குலசேகரத்தின்ர பேரன். கந்தையாவின்ர பூட்டன்.”

ஐயர் குனிந்து, “அப்பிடியெண்டால் பொம்பிளைக்கு மச்சான் முறை வருதே” என்றார்.

“வேற எப்பிடி? முறை இல்லாத இடத்திலயோ நான் குடுப்பன்?”

ஐயர் சொன்னார். மந்திரத்துக்கு நடுவில் ஐயாவின் பெயர் கொடுக்கிற பக்கமும் எடுக்கிற பக்கமும் கேட்டது. மச்சாள் தண்ணீர் வார்த்தா. நான் வாய்விட்டு அழுதேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

சாப்பாட்டு நேரம் பக்கத்தில் போய், “என்னண்ணை செய்தனீங்கள்?” என்றேன். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் வேலை செய்யிற தபால் கந்தோரில என்னை ஒருத்தனும் பத்மநாதன் எண்டு கூப்பிட்டதில்லை. மிஸ்டர் குலசேகரம். ஐயான்ர பேருக்குத்தான் இவ்வளவு காலமும் நான் ஓம் சொன்னனான். இன்னொருத்தனும் எடுத்தால் அது தேஞ்சு போகாது.” பிறகு பாயசம் கேட்டார்.

ஜூலை 10, ஞாயிறு

காலை ஷிப்ட். கால் அதே வீக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் புது வீட்டில். எய்னோவும் பின்லாந்துக்குத் திரும்பிவிட்டார். இங்கே ஒரு சத்தம் இல்லை.

பின்னேரம் அண்ணை தானாக போன் எடுத்தார். மழை, பஸ், மச்சாளின் முழங்கால் எல்லாம் பேசி முடித்து வைக்கப் போனவர், “தம்பி சுகமாப் போய்ச் சேந்தானோ?” என்றார்.

எங்களுக்குத் தம்பி இல்லை. எந்தத் தம்பி என்று கேட்க வாயெடுத்தேன்.

“ஓம் அண்ணை. வியாழக்கிழமையே போய்ச் சேந்திட்டாராம்” என்றேன்.