ஹம்மிங் இல்லாத ப்ரீஆம்ப்

வெள்ளிக்கிழமை, இரவு.

பின்தெரு லேத் பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன். அம்பத்தூர் வந்த நாளிலிருந்து, லேத் ஓடினாலே என் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று ஹம்மிங் இரைச்சல் வரும். அதற்காகவே, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இணைக்கும், பேட்டரியில் ஓடும் இந்த வால்வு ப்ரீஆம்ப்பை வாங்கினேன். இன்று சாயங்காலம் லேத் ஓடியது, ஹம்மிங் துளிகூட இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், சமையலறையில் மனைவி தன் தங்கையிடம் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“திங்கட்கிழமை ஸ்கேன்டி. அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், ‘ம்’னார். நீ கூட வரியா?”

எனக்கு ஒரு தடவைகூட ஞாபகமில்லை. என்ன ஸ்கேன் என்றும் தெரியவில்லை. மேற்கொண்டு கேட்பதற்காக, தொடங்கிய பாட்டை நிறுத்தினேன்.

வீடு அமைதியானதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.