முதலில் போன் சொல்லும்

பிப்ரவரி 3, செவ்வாய்

எம்.ஏ. செமினாருக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது: ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் மேலே போக எந்த இணைய அகராதி நல்லது? "ஈசியா மாட்டிச்சு உனக்கு" என்றார்கள். போன செமினாரில் எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மேடம் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வாட்டியும் பேசலன்னா மார்க் போட முடியாதும்மா. நான் என்ன செய்ய?"

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுதி காலி. அறைத்தோழி ரீட்டா வழக்கம்போல் கடலூர் போய்விட்டாள். ஒரே வகுப்பு, ஒரே அறை, "லைட்ட அணைக்கட்டா?" தவிர எங்களுக்குள் பேச்சில்லை. அவள் மேல் தப்பில்லை.

செமினாருக்காக போனில் மூன்று இணைய அகராதிகளைத் திறந்து, மூன்றிலும் பலாப்பழத்தைத் தேடினேன். பண்ருட்டிக்காரி வேறு எதைத் தேடுவாள்? முதலாவது தமிழில் பொருள் சொன்னது. தெரிந்த பழம்தானே, மூடிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வரிகூட ஒட்டவில்லை. இரண்டாவது அந்தச் சொல்லின் பூர்வீகத்தையெல்லாம் சொல்லிக் களைக்க வைத்தது. மூன்றாவதில் எளிய ஆங்கில விளக்கம். அதிலேயே மழையைத் தேடினேன்: மழைக்கு முன்னால் எந்தச் சொல் வரும், பின்னால் எது வரும், வாக்கியத்தோடு. தொட்டால் ஓர் ஆண் குரல் வாசிக்கிறது.

இன்று என்னோடு பேசிய ஒரே குரல்.

பிப்ரவரி 12, வியாழன்

போனில் அப்பா: "சாப்டியாம்மா? லாரியில முந்திரி மூட்ட ஏத்துறாங்க, வெச்சிர்றேன்."

பிப்ரவரி 17, செவ்வாய்

மூன்றாவதைத்தான் சொல்லப் போகிறேன். மழை வாக்கியத்தில் தொடங்குவேன். போனில் அவன் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல. ரீட்டா போர்வையை விலக்கினாள்.

"யாருடி அந்த வெள்ளக்காரன்? எப்பப் பாரு மழையப் பத்தியே பேசுறான். நீயும் சொன்னதையே திருப்பிச் சொல்ற. கட்டிக்கிட்டா ரொம்பக் கஷ்டம்டி."

சிரிக்கத் தெரியாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கோபமா அவளுக்கு?

பிப்ரவரி 20, வெள்ளி

எழுந்தேன். நின்றேன். பேச்சு ஏன் வரல? எல்லாம் தெரியுமே! அப்புறந்தான் புரிஞ்சிது — அவன் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். இத்தனை நாளும் முதலில் சொன்னது போன்தானே.

மேடம் பேனாவை எடுத்தார்.

பின் பெஞ்சிலிருந்து மெல்லிய குரல்: "ஹெவி ரெய்ன்..."

ரீட்டா.

திருப்பிச் சொன்னேன். அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும். பலாப்பழத்தைச் சொன்னபோது சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத் தொடர்ந்தேன்.

வெளியே வந்து அவளிடம் எதுவோ சொல்லப் போனேன். "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சிடி அந்தாளு மழ" என்றாள்.

பிப்ரவரி 21, சனி

கடலூர் பஸ்ஸில் ரீட்டா ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள். "எங்கம்மா மீன் கொழம்பு வெக்கிறாங்களாம். சாப்புடுவல்ல?"

ஹெட்போனை அறையிலேயே விட்டுவிட்டேன். புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.