நாற்பத்தெட்டு பார்

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் கணக்கு இடிக்கிறது. முக்குளிப்பவர்களுக்கு நான் நிரப்பும் சிலிண்டரில் ஆக்சிஜன் 32 சதவீதம் இருக்க வேண்டும். காலி சிலிண்டரில் முதலில் 28 பார் அழுத்தத்துக்கு ஆக்சிஜன் விட்டு, மேலே காற்றை அடித்து 200க்குக் கொண்டுபோனால் சரியாக வரும். கல்லூரியில் படித்த பகுதி அழுத்தம்தான். ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கு அழுத்தும், கூட்டினால் மொத்தம். ஆனால் 28 விட்டால் ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் 26 சதவீதம் என்கிறது. மீட்டரில் 32 வர ஏப்ரலில் 33 பார் விட்டேன். மே மாதம் 40. இன்று 48 விட்ட பிறகுதான் மீட்டரில் 32 வந்தது.

மேனேஜர் ரகுநாதன் சாரிடம் சொன்னேன். அஜ்மான் பாலைவன வெயிலில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், உள்ளே வாயு குறைவுதான், மீட்டரை நம்பு என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
லீவு. உட்கார முடியவில்லை. இரண்டு தடவை கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினேன். 48 எப்படி?

ஜூன் 11, புதன்
வீரபாண்டி அண்ணன் நான்கு சிலிண்டர் எடுத்துப் போனார். ராமேஸ்வரத்துக்காரர்; கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் முக்குளிப்புக் குழுவுக்குத் தலைவர். இதுவரை பத்து மீட்டர் ஆழம்தான். நாளை கோர்பக்கான் கடலில் நங்கூரச் சங்கிலி பார்க்க முப்பது மீட்டராம்.

"ஆழமாப் போறோம். சரியா அடிச்சிருக்கியா தம்பி?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 12, வியாழன், காலை
எழுந்ததும் தாளில் போட்டுப் பார்த்தேன். 25 டிகிரி என்றால் 298 கெல்வின். ஐம்பது டிகிரி வெயிலிலும் 323தான். 28 பார் அதிகபட்சம் 30 ஆகும். 48 ஆகவே ஆகாது. அப்படியானால் பொய் சொல்வது மீட்டர். 48 பார் கணக்குப்படி உள்ளே இருப்பது 40 சதவீதம்.

முப்பது மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். அதில் ஆக்சிஜனின் பங்கு 1.6. அவ்வளவு போனால் வலிப்பு வரலாம். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா—

அண்ணன் போனை எடுக்கவில்லை. கிளம்புகிறேன்.

அன்று மாலை
கேட்காமல் கம்பெனி பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கோர்பக்கான் போனேன். துறைமுகத்தில் படகுக் கம்பெனி ஆபீஸில் ஷஹீரா என்ற பெண் இருந்தார். சிலிண்டர் தப்பு, நிரப்பினது நான்தான் என்றேன். வேறெதுவும் கேட்காமல் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

பாலகுரு ஏற்கெனவே இறங்கிவிட்டானாம். குழுவில் இளையவன். கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்து மேலே கூப்பிட்டார்கள். பதினோரு நிமிஷம். அந்த அறையில் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஷஹீரா உட்காரச் சொல்லவில்லை. பிறகு வயர்லெஸ்ஸில் அவன் குரலே வந்தது.

"உதடு தானாத் துடிச்சிச்சுண்ணே. குளிருன்னு நெனச்சேன்."

ஜூன் மாசக் கடல்ல ஏதுடா குளிரு? வலிப்புக்கு முன்னால உதடுதான் துடிக்கும்.

படகு கரைக்கு வந்ததும் வேறொரு கம்பெனி மீட்டரில் சோதித்தார்கள். 40.2. வீரபாண்டி அண்ணன் அந்த எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து தலையாட்டுனியேடா."

ஜூன் 14, சனி
அறிக்கை. மீட்டர் பழுது என்று மட்டும் எழுதச் சொன்னார் சார். எழுதினேன். கிழித்தேன். ஏப்ரலிலிருந்து எண் ஒத்துவரவில்லை, தெரிந்தே கூட்டிக் கூட்டி நிரப்பினேன் என்று எழுதிக் கொடுத்தேன். இதனால் உன் வேலையே போகலாம் என்றார். தெரியும் சார் என்றேன். அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கீழே அவரும் ஒரு வரி சேர்த்தார்: மீட்டரை நம்பச் சொன்னது நான்.

ஜூன் 19, வியாழன்
பாலகுருவுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை நிரப்பும் இடத்துக்கு விடவில்லை. காலி சிலிண்டர்களுக்கு பெயின்ட் அடிக்கிறேன். மதியச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்
புது மீட்டர் வந்து ஒரு வாரம். நேற்றிலிருந்து மறுபடி நிரப்புகிறேன். 28 பார், 32 சதவீதம்.

வீரபாண்டி அண்ணன் வந்தார். அந்த நாளுக்குப் பிறகு இன்றுதான். நான் நிரப்பிய நான்கையும் வரிசையாக நிறுத்தி, தானே ஒவ்வொன்றாகச் சோதித்து, டேப்பில் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் ஆனது.

"இனி பாக்காம எடுக்க மாட்டேன்."

"எடுக்காதீங்கண்ணே" என்றேன்.

நான்கையும் வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். மதியம் சோறு நன்றாக இறங்கியது.