இகோருக்குப் பிறகு

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து ஐஸ் மழை. ஐஸ் உருக டிரைவ்வேல உப்பு போடணும். அவர் வேலை அது. கராஜ்ல மூட்டையைத் தேடவே அரை மணி நேரம்.

இன்னிக்கு: டெத் சர்டிபிகேட் இன்னும் ரெண்டு காப்பி. லாயர். பால். யாழினி ஸ்கூலுக்கு மெயில்.

யாழினிக்கு வெள்ளிக்கிழமை ஹிஸ்டரி பிராஜெக்ட். ரஷ்யாவோட ஆரம்ப கால ராஜாக்கள். அவர் எடுத்துக் கொடுத்த தலைப்பு. மன்ஹாட்டன் ரயில்ல போக வர அதையேதான் காதுல மாட்டிக் கேட்பார். சாப்பிடும்போதும் அப்பாவுக்கும் மகளுக்கும் அதே பேச்சு. எனக்கு ஒண்ணும் ஏறாது, எந்திரிச்சுப் போயிடுவேன். சார்ட்ல ரூரிக், ஒலெக், இகோர் வரைக்கும் அவர் கையெழுத்து. கீழே வெறும் வெள்ளை. எழுதின மறுநாள் காலைலதான் எடிசன் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார்.

"வேற டாபிக் கேளேன் கண்ணு, டீச்சர் ஒத்துக்குவாங்க."

"நோ." கதவைச் சாத்திக்கிட்டா. பன்னிரண்டு வயசு.

மார்ச் 4, செவ்.

லாயர் போன். என்னோடது டிபெண்டன்ட் விசா. அவர் இல்லேன்னா அதுவும் இல்லை. "யுவர் டாட்டர் இஸ் எ சிட்டிசன், ஷி இஸ் ஃபைன்"னார். ஆறுதலுக்குச் சொன்னார் போல.

சாயங்காலம் ஈரோட்டிலிருந்து கொழுந்தன். "வந்துருங்க அண்ணி. எங்கண்ணன் ஊடு இருக்குதில்ல."

மார்ச் 5, புதன்

யாழினி பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "இகோருக்கு அப்புறம் யாரு?"

சார்ட்டை என் பக்கம் திருப்பி வெச்சா. அப்புறம் சொன்னா, பாதி இங்கிலீஷ்ல. வாங்கின கப்பம் பத்தாதுன்னு மறுபடி கேட்கப் போன இகோரை அந்த ஜனங்களே கொன்னுட்டாங்க. மகன் சின்னக் குழந்தை. பொண்டாட்டி ஓல்காதான் கீவ்ல உட்கார்ந்து ஆண்டா. கொன்னவங்களே படகுல தூது அனுப்பி, எங்க ராஜாவைக் கட்டிக்கோன்னு கேட்டாங்களாம்.

"என்ன பண்ணா?"

"ஷி பெரீட் தெம், அம்மா. குழி தோண்டி. படகோட. அலைவ்."

சிரிச்சுட்டேன். அவளும். உடனே ரெண்டு பேர் முகமும் மாறிடுச்சு, தப்புப் பண்ணின மாதிரி.

ஓல்கா பேரை நான் எழுதினேன். ஸ்வியாதொஸ்லாவ், விளாதிமிர், யாரொஸ்லாவ் பேரை யாழினி எழுதினா. மாஸ்கோ ராஜாக்கள்லாம் ரொம்பப் பின்னாடியாம்.

மார்ச் 6, வியா.

லாயர் மெயிலை பிரிண்டர்லயே விட்டுட்டேன். யாழினி படிச்சுட்டா.

"சோ ஐ கேன் ஸ்டே. யூ கான்ட்."

ஆமான்னேன். இதே நாட்டுல, குபெர்டினோல இருக்கிற என் அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா, இவளைத் தன்கிட்ட விடச் சொல்லி. "பெரியம்மா வீட்டுல இருந்து படிக்கிறியா?"

"டு யூ வாண்ட் மீ டு?"

இல்லைன்னு சொல்லியிருக்கணும். இவ படிப்பை நினைச்சேன். தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா.

மார்ச் 7, வெள்ளி

வெயில். கிளாஸ்ல பேசி முடிச்சுட்டு வந்தா. ஓல்கா ஏன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கலைன்னு ஒரு பொண்ணு கேட்டாளாம். "ஐ செட் ஷி வாஸ் பிஸி."

பையைக் கழட்டாமலே அடுத்தது. "நான் பெரியம்மா வீட்டுக்குப் போகலை. ஐ'ம் கமிங் வித் யூ."

வேண்டாம்னு சொல்ல நினைச்சேன். கட்டிக்கிட்டேன்.

டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு, ஒன் வே. பேக்கிங் லிஸ்ட் அவளே எழுதினா. ஸ்வெட்டர் வேண்டாம், புக்ஸ் ஒரு பெட்டி. பாதியில பேனாவை வெச்சுட்டு ஷெல்ஃப்ல இருக்கிற அவர் சாம்பல் டப்பாவைப் பார்த்தா.

"அப்பா செக்-இன்லயா வருவார்?"

"இல்லடா. நம்ம மடியில."