குரல் நின்ற சனிக்கிழமை

மும்பை
12.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு அல்போன்சா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சனிக்கிழமை மேடையில், எங்கள் நால்வர் குழுவின் பாட்டில் நான் வேகமாகச் சொல்லும் ராப் வரிகளின் நடுவே குரல் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், தொண்டையில் சின்ன வீக்கம்தான். பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாதாம். அதுவரை என் வரிகளை எங்கள் குழுவிலுள்ள ரேஷ்மா சொல்கிறாள். நன்றாகவே சொல்கிறாள்.

கொஞ்சம் பனங்கற்கண்டு அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். "யாருலே அது, பேசாம இருக்கிறது?" என்று கத்தாதீர்கள். ரிசீவரை இரண்டு தரம் தட்டினால் நான்தான். மார்க்கெட்டில் தக்காளி ஏலம் கூவுவீர்களே, அதை ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். முப்பது வருடமாக உங்கள் குரல் போகவில்லையே, எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வண்டி வந்துவிட்டது. பேசாவிட்டாலும் ஒத்திகையில் நிற்க வேண்டும். ஏலம் முடிந்ததும் போனை உடனே வைத்துவிடாதீர்கள், அப்பா.

அல்போன்சா