நாகூம் என்றால் ஆறுதல்

12.5.1985, ஞாயிறு. விழுப்புரம்.

திண்டிவனத்தில் தங்கை மகனுக்கு இன்று ஞானஸ்நானம். எங்கள் குடும்பத்தில் பெயர் வைப்பது தாய்மாமன். மீகா என்று ஒரு பெயரோடு போனேன். மச்சானின் சிநேகிதர், புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார், முந்திக்கொண்டு நாகூம் என்று வைத்துவிட்டார். எபிரெயத்தில் ஆறுதல் என்று அர்த்தமாம்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்காதண்ணா. வாத்தியாரு எவ்ளோ அழகா அர்த்தம் சொன்னாரு!" என்றாள் தங்கை.

"அழகாத்தான் சொன்னாரு," என்றேன்.

பைபிளில் நாகூம் தீர்க்கதரிசி தன் மூன்று அதிகாரத்திலும் நினிவே பட்டணத்தின் அழிவைத்தான் பாடினார் என்பதை வாத்தியார் சொல்லவில்லை. பிரியாணிப் பந்தியில் நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அடுத்தவன் அழிவைப் பாடியவருக்கு ஆறுதல் என்று பெயர் இருப்பது பொருத்தம்தான். வாத்தியாருக்குத் தண்ணியில்லாத ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தால், எனக்கும் அந்தப் பெயர் பிடித்துவிடும்.