கிணற்றோரம் எடுத்த படம்

தருமபுரி
14.3.1986

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் குழந்தையும் கன்னியர் மடத்தில் பத்திரமாக இருப்பதாகச் சிஸ்டர் சொல்லி அனுப்பினார்கள். எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

கோர்ட்டுக்காக உன்னைக் கிணற்றோரம் நிறுத்தி எடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஸ்டுடியோ விளக்கில் காயங்கள் மங்கிப்போயிருக்கும். பக்கவாட்டு வெயிலில் ஒன்றும் தப்பவில்லை. கறுப்பு வெள்ளையில் உன் கழுத்தில் பதிந்த விரல் தடங்கள் ஐந்தும் கரிக்கோடாகத் தெரிகின்றன.

நேற்று மத்தியானம் உன் புருஷன் அரிவாளோடு என் ஸ்டுடியோவுக்குள் வந்தான்.

"என் பொண்டாட்டியப் படம் புடிக்க நீ யாருடா? நெகட்டிவ் எங்க?" என்று கத்திக்கொண்டே கேமராவை வெட்டினான்.

"வக்கீல் வூட்டுக்குப் போயிருச்சு, மாப்ள" என்றேன்.

அடுத்த வெட்டு என் வலது கையில் விழுந்தது. டீக்கடை அர்ச்சுனன் ஓடிவந்து, ஸ்டூலால் அவன் முதுகில் அடித்துச் சாய்த்தார். இப்போது அவன் லாக்கப்பில் இருக்கிறான். என் விரல்கள் தேறுமா என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் டாக்டர் சொல்வாராம்.

நான் எழுத வந்தது வேறு. நீ இரண்டு முறை ஓடி வந்தாய். "குடும்பம்னா அப்பிடித்தான், பொறுத்துக்க" என்று இரண்டு முறையும் நானே பஸ் ஏற்றிவிட்டேன். அப்போது உன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டார்க் ரூமில் படம் கழுவும் தட்டில் அது மெல்ல எழும்பி வந்தபோதுதான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் உங்களைக் கூட்டிப்போக வருகிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சிஸ்டரிடம் சொல்லிவிடு, வாசலிலேயே நிற்கிறேன்.

உன் அண்ணன்